ராஞ்ச்: பண்ணையா, பட்டியா, கொறங்காடா?

அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில் வேலை பார்க்கும் என் தம்பி மகன் போன ஏப்ரலில் ஒரு விற்பனை விளம்பரத்தைப் படம் எடுத்து அனுப்பினான். ஃபிளின்ட் ஹில்ஸ் பகுதியில் ஒரு ராஞ்ச் விலைக்கு வருகிறது. நாலு சதுர மைல் நிலம், வருடம் முழுக்கத் தண்ணீர் ஓடும் கிரீக் இரண்டு, ஏர் படாத பிரெய்ரி, மான், காட்டு வான்கோழி. வாங்கும் யோசனையெல்லாம் அவனுக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த வழியாகக் காரில் போனவனுக்கு அந்த இடம் மனதில் தங்கிவிட்டது, அவ்வளவுதான். அன்று ராத்திரி ஃபோனில் என் அம்மாவிடம், “பெரிய பண்ணை ஒண்ணு வெலைக்கு வருதுங் அப்பத்தா” என்று சொல்லியிருக்கிறான். அம்மா கேட்ட முதல் கேள்வி: “அங்க என்ன வெள்ளாமை கண்ணு?”

வெள்ளாமையே கிடையாது, வெறும் புல்லுதான் என்று இவன் சொல்ல, வெறும் புல்லுக்கு எதுக்குப் பண்ணை என்று அம்மா கேட்க, பேச்சு அங்கேயே நின்றுவிட்டது. அதன் பிறகுதான், “பெரியப்பா, ராஞ்சுக்குத் தமிழில் என்ன சொல்வது?” என்று கேட்டு அந்தப் படம் எனக்கு வந்தது.

அம்மாவின் கேள்வி சரியான கேள்வி. ராஞ்சைப் ‘பண்ணை’ என்று எழுதிவிட்டு நாம் கடந்து போகிறோம். கேட்பவர் மனதில் நெல்லோ கரும்போ தென்னையோ வந்து நிற்கிறது. ராஞ்சில் விளைவது புல் ஒன்றுதான். அதை அறுப்பது மாடு.

ராஞ்ச் ஆங்கிலேயர் வீட்டுச் சொல் அல்ல. ஸ்பானிய மொழியின் ‘ராஞ்சோ’ மெக்சிகோ வழியாக டெக்சாஸுக்கும் கலிபோர்னியாவுக்கும் வந்து, 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்டது. ஸ்பெயினில் அந்தச் சொல்லுக்கும் மாட்டுக்கும் தொடர்பே இல்லை. படைவீரர்களோ மாலுமிகளோ ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் கூட்டத்துக்கும், அவர்களுக்கு மொத்தமாகச் சமைத்த சாப்பாட்டுக்கும் அதுதான் பெயர். படை எங்கே தங்குகிறதோ அங்கே குடிசை எழும்பும். அந்தக் குடிசையும் ராஞ்சோ ஆனது. இன்றும் வெனிசுவேலாவில் ராஞ்சோ என்றால் ஏழைகளின் தகரக் குடிசை.

இன்னும் பின்னே போனால், தங்குதல், இடம் பிடித்து அமர்தல் என்ற பொருளில் ஒரு ஸ்பானிய வினை இருக்கிறது. அது பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே அதன் பொருள் வரிசையாக நிறுத்துதல். அடிச்சொல்லுக்கு வரிசை என்று பொருள். அதற்கும் வேர், வளையத்தைக் குறிக்கும் பழைய ஜெர்மானியச் சொல் என்கிறார்கள். இந்தக் குடும்பத்தில் சிலர் நம் ஊருக்கு எப்போதோ வந்து சேர்ந்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்து ரேங்க் கார்டில் இருக்கும் ‘ரேங்க்’ அந்த வரிசைதான். வனத்துறையின் ரேஞ்ச், ரேஞ்சர் இரண்டும் அதே அடியில் முளைத்தவை. ரேஞ்சரை வனச்சரகர் என்று அழகாகத் தமிழாக்கிக்கொண்டோம். ராஞ்ச் மட்டும் அநாதையாக நிற்கிறது.

மெக்சிகோவில் மேய்ப்பர்கள் தங்கிய குடிசைக்கும், பிறகு அதைச் சுற்றியிருந்த சிறு மேய்ச்சல் நிலத்துக்கும் ராஞ்சோ என்று பெயர் வந்தது. பெரிய ஜமீன் அளவு நிலமென்றால் அதற்கு ‘ஹசியெண்டா’ என்று வேறு சொல். எல்லை தாண்டி ஆங்கிலத்துக்குள் போனதும் சிறிய சொல் பெரிய உடம்பை எடுத்துக்கொண்டது. டெக்சாஸில் சான்டா கெர்ட்ரூடிஸ் என்ற ஓடைக்கரையில் 1853இல் தொடங்கப்பட்ட கிங் ராஞ்ச் இன்று சுமார் 8,25,000 ஏக்கர். அந்த ஓடையின் பெயரிலேயே அங்கே ஒரு மாட்டினத்தை உருவாக்கினார்கள். 1940இல் அமெரிக்க வேளாண் துறை அதைத் தனி இனமாக ஏற்றது. அதில் எட்டில் மூன்று பங்கு பிராமன் மாட்டின் ரத்தம். பிராமன் என்று அவர்கள் அழைப்பது கிர், காங்ரேஜ், ஓங்கோல் போன்ற நம் நாட்டுத் திமில் மாடுகளிலிருந்து பெருக்கிய இனம். டெக்சாஸ் வெயிலையும் உண்ணியையும் ஐரோப்பிய மாடுகள் தாங்கவில்லை. திமில் மாடு தாங்கியது.

மாட்டோடு சேர்ந்து ஸ்பானியச் சொற்களும் கூட்டமாக ஆங்கிலத்துக்குள் போயின. சுருக்குக் கயிற்றுக்கு லாசோ, மாடடக்கும் விழாவுக்கு ரோடியோ, அடைக்கும் தொழுவுக்கு கொரால். இந்தக் கடைசிச் சொல்லுக்கு ஒரு உறவுக்காரர் முதுமலையில் இருக்கிறார். பிடித்த காட்டு யானையைப் பழக்குவதற்குத் தடித்த மரங்களை அடுக்கிக் கட்டும் கூண்டை வனத்துறையினர் ‘கரால்’ என்கிறார்கள். தொழுவைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல் டச்சுக்காரர்கள் கைக்குப் போய்த் திரும்பிய வடிவம் அது. பீட்சாவோடு கொடுக்கும் ராஞ்ச் சாஸும் இதே சொல்தான். 1950களில் கலிபோர்னியாவில் ஹிடன் வேலி ராஞ்ச் என்ற இடத்தில் விருந்தாளிகளுக்குப் பரிமாறிய குழம்பு அந்தப் பெயரோடு ஊர் சுற்றுகிறது.

இப்போது நம் பக்கம் பார்ப்போம்.

பண்ணை என்பதைப் பண்ணு, பண்படுத்து என்ற சொற்களோடு உறவுடையதாகப் பார்ப்பது வழக்கம். மனிதக் கை பட்டு, உழுது, பக்குவமான நிலம். தொல்காப்பியத்தில் இதே சொல் விளையாட்டு என்ற பொருளில் வருவது தனிக்கதை. நம் பேச்சில் பண்ணையார், பண்ணையாள் என்று வந்தபோது பின்னால் இருந்தது வயல்தான். கோழிப்பண்ணை, மீன்பண்ணை, பால்பண்ணை என்று அந்தச் சொல் பிறகு விரிந்தது. ஆனால் அங்கெல்லாம் முன்னால் ஓர் அடைமொழி நின்று பொருளைக் காக்கிறது. ‘பண்ணை’ என்று மொட்டையாகச் சொன்னால் என் அம்மாவுக்கு வெள்ளாமைதான் தோன்றும். அது அவர் பிழையல்ல.

பட்டி என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ராஞ்சோ நினைவுக்கு வருகிறது. ஆடுமாடு அடைக்கும் இடம் பட்டி. பக்கத்தில் மேய்ப்பவர் குடிசை போட்டார், குடிசை பெருகியது, ஊரே பட்டியானது. ஆண்டிப்பட்டி, உசிலம்பட்டி என்று தெற்கே போகப் போகப் பட்டிகள். குடிசையில் தொடங்கிய ராஞ்சோ மேய்ச்சல் நிலமாக விரிந்தது; தொழுவில் தொடங்கிய பட்டி குடியிருப்பாக விரிந்தது. எதிரெதிர் முனையிலிருந்து கிளம்பி நடுவழியில் சந்தித்துக்கொண்ட சொற்கள். ஆனாலும் ராஞ்சுக்குப் பட்டி பொருந்தாது, ஏனென்றால் அதற்குள் மாடு படுக்கும், மேயாது. கிடை என்பதும் அப்படித்தான். கிடக்கிற இடம் கிடை. அறுவடை முடிந்த வயலில் எருவுக்காக ராத்திரியில் ஆட்டை மடக்குவது அது. மந்தைவெளியில் மேய்ச்சல் உண்டு. சென்னையில் மாடே இல்லாமல் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மந்தைவெளி இருக்கிறது. ஆனால் மந்தைவெளி ஊருக்குப் பொது. வருவாய்த்துறை எழுதும் மேய்க்கால் புறம்போக்கும் பொது. ராஞ்ச் தனியொருவர் கையில் இருக்கும் சொத்து. அதனால்தான் விலைக்கு வருகிறது.

தனியார் நிலம், சுற்றிலும் வேலி, உள்ளே உழவில்லாத புல், புல்லை நம்பி மாடு. இத்தனையும் சேர்ந்த ஒரு சொல் தமிழில் இருக்கிறதா என்றால், எங்கள் ஊரில் இருக்கிறது: கொறங்காடு. கொரங்காடு என்றும் எழுதுகிறார்கள்.

காங்கயம், தாராபுரம், மூலனூர், கரூர்ப் பக்கம் வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். மழை குறைந்த சரளை மண். சுற்றிலும் கிளுவை வேலி. முள்ளும் கிளையும் பின்னிக்கொண்டு ஆடு நுழைய இடம் விடாது. கோடையில் இலை உதிர்ந்து வெறும் குச்சியாக நிற்கும், ஒரு மழை விழுந்தால் பச்சை கட்டிவிடும். உள்ளே முழங்கால் உயரத்துக்குக் கொழுக்கட்டைப் புல். அங்கங்கே வெள்வேல மரம். பங்குனி சித்திரையில் புல் காய்ந்த நேரத்தில் அதன் காய்தான் ஆடுகளுக்குத் தீனி. ஒரு காட்டில் புல் குறைந்தால் படலைத் திறந்து அடுத்த காட்டுக்கு மாட்டை ஓட்டிவிடுவார்கள். முதல் காடு ஆறும். காங்கயம் காளையின் கால் வலுவுக்கு இந்தக் காடுதான் காரணம் என்று எங்கள் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த இனத்தைப் பேணி வளர்த்ததில் பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்துக்குப் பெரிய பங்கு உண்டு. கொறங்காடு சில ஏக்கர்தான், கேன்சஸ் ராஞ்சோடு அளவில் ஒப்பிட முடியாது. ஆனால் வேலை ஒன்றே: புல்லை அழியவிடாமல் மாட்டை வளர்ப்பது.

ஆகவே என் முடிவு இது. பொதுவாக எழுதும்போது ராஞ்சுக்கு ‘மேய்ச்சல் பண்ணை’ என்று எழுதலாம். எல்லா வட்டாரத்தாருக்கும் புரியும், ‘மேய்ச்சல்’ முன்னால் நின்று வயலை விலக்கிவிடும். கொங்கு நாட்டாரிடம் பேசும்போது தயங்காமல் கொறங்காடு என்று சொல்லலாம். அந்தச் சொல் பாடப்புத்தகத்தில் ஏற வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஆஸ்திரேலியாவில் இதையே ‘ஸ்டேஷன்’ என்கிறார்கள். அங்கேயும் மேய்ச்சல் பண்ணை என்றே எழுதிவிடலாம், நிலையம் ஆக்கிவிட வேண்டாம்.

விளம்பரத்தில் மிச்சமிருந்த சொற்களும் லேசுப்பட்டவை அல்ல. பிரெய்ரி பள்ளியில் நாம் மனப்பாடம் செய்த சொல். ஸ்டெப்பி, பாம்பாஸ், வெல்டு என்ற வரிசையில் வட அமெரிக்காவுக்கு அது. பிரெஞ்சில் அதற்குப் புல்தரை என்றுதான் பொருள். கனடா வழியாக இறங்கிவந்த பிரெஞ்சுக்காரர்கள் அந்தப் பெருவெளியைப் பார்த்து, தங்கள் ஊர்ச் சொல்லையே இட்டார்கள். ஃபிளின்ட் ஹில்ஸில் இருப்பது உயர்புல் வகை. அங்கே பெரிய புளூஸ்டெம் என்ற புல் ஆளுயரத்தைத் தாண்டும், வேர் 10 அடிக்கு இறங்கும். ஒரு காலத்தில் சுமார் 17 கோடி ஏக்கரில் பரவியிருந்த அந்தப் புல்வெளியில் இன்று மிஞ்சியது நூற்றில் 4 பங்குகூட இல்லை. மற்றதில் பெரும்பகுதி மக்காச்சோளம் போன்றவை விளையும் வயலாகிவிட்டது. மிஞ்சியதில் பெரும்பகுதி ஃபிளின்ட் ஹில்ஸில் இருப்பதற்குக் காரணம், மேல்மண்ணுக்கு அடியிலேயே சுண்ணாம்புப் பாறையும் சக்கிமுக்கிக் கல்லும் கிடப்பதுதான். ஃபிளின்ட் என்றாலே சக்கிமுக்கி. ஏர் இறங்கவில்லை, புல் பிழைத்தது. அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான காவ், ஓசேஜ் மக்கள் அந்தப் புல்லுக்குத் தீ வைத்துப் புதுத்தளிர் வரவழைத்தார்கள். இன்றைய ராஞ்ச்காரர்களும் வசந்தத்தில் அதையே செய்கிறார்கள். தம்பி மகன் போன அன்று சரிவு முழுக்கக் கரியாகக் கிடந்ததாம், தூரத்தில் தீ ஒரே கோடாக மேடேறிக்கொண்டிருந்ததாம். பதினைந்து நாள் கழித்துப் போனபோது அதே சரிவு பச்சைப்பசேல் என்றிருந்தது. அங்கே 1881இல் கட்டிய ஒரு ராஞ்சைச் சுற்றியுள்ள ஏறக்குறைய 11,000 ஏக்கர் 1996இல் தேசியக் காப்பகம் ஆனது. 2009இல் அமெரிக்கக் காட்டெருதுகளையும் திரும்பக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள்.

இந்தப் பிரெய்ரியைத் தமிழில் உயர்புல்வெளி என்றால் போதும். கிரீக்தான் காலை வாரும் சொல். இங்கிலாந்தில் அது கடல்நீர் உள்ளே ஏறி நிற்கும் கழி. எண்ணூர்க் கழி அந்தப் பொருளில் கிரீக். அமெரிக்காவில் அது நன்னீர் ஓடை. கடலே இல்லாத கேன்சஸில் ஓர் உப்பங்கழியை ஓடவிட்ட மொழிபெயர்ப்பை நான் படித்திருக்கிறேன். ஓடை என்று எழுதினால் சரி. எங்கள் பக்கம் பள்ளம் என்போம். வரட்டுப்பள்ளம், குண்டேரிப்பள்ளம் இரண்டும் அணைகட்டிய ஓடைகள்தான்.

இப்படிப்பட்ட விளம்பரங்களில் ‘வனவிலங்குகளுடன் விற்பனைக்கு’ என்று வந்தால் அதையும் கவனமாகப் படிக்க வேண்டும். மரமில்லாத வெளியில் வனம் எங்கே? காட்டுயிர் என்ற சொல் எனக்குப் பிடிக்கும், பறவையும் அதில் அடங்கும். பெரிய விஷயம் வேறு: அமெரிக்கச் சட்டத்தில் தானாகத் திரியும் மானும் வான்கோழியும் நிலத்துக்காரர் சொத்து அல்ல. மக்களுக்காக மாநில அரசு பொறுப்பேற்றுக் காப்பவை. வேட்டைக்குப் பொதுவாக அரசு அனுமதி வேண்டும். விலைக்கு வருவது நிலம். மான் அந்த நிலத்தில் நடமாடுகிறது, அவ்வளவே. மேற்கு மாநிலங்களில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். விளம்பரத்து ஏக்கரில் ஒரு பகுதி சொந்தப் பத்திரமுள்ள நிலம், மறுபகுதி அரசிடம் மேய்ச்சலுக்கு எடுத்த குத்தகை நிலமாக இருக்கலாம். முன்னதற்குப் பட்டா நிலம் என்றால் நம் ஆட்களுக்கு உடனே விளங்கும்.

தம்பி மகனுக்கு நான் எழுதி அனுப்பியது இது: “விற்பனைக்கு மேய்ச்சல் பண்ணை. 2,560 ஏக்கர் பட்டா நிலம். வற்றாத ஓடைகள் இரண்டு. ஏர் படாத உயர்புல்வெளி. மான், காட்டு வான்கோழி நடமாட்டம் உண்டு.” அம்மாவிடம் மட்டும் கொறங்காடு என்று சொல்லச் சொன்னேன்.

சொல்லியிருக்கிறான். அம்மா உடனே, “வேலி என்ன, கிளுவையா?” என்று கேட்டாராம். மறுவாரம் அவன் மறுபடி அந்த வழியே போய், சாந்து இல்லாமல் சுண்ணாம்புக் கல்லை அடுக்கி எழுப்பியிருந்த இடுப்பளவு வேலியைப் படம் எடுத்து அனுப்பினான்.