ஸ்போரைப் பார்த்ததும் பெயர் எழுதிவிடாதீர்கள்

வேம் எனப்படும், பயிரின் வேரோடு கூடி வாழும் பூஞ்சைகள் அடங்கிய உரப் பொட்டலங்களையும் வயல் மண்ணையும் பரிசோதிக்கும் ஆய்வகத்தில் பணிபுரிகிறேன். ஆராய்ச்சி மாணவர்கள் பலர் ஒரே நாளில் மண்ணைச் சலித்து, அந்தப் பூஞ்சைகளின் ஸ்போர்களை, அதாவது விதைபோன்ற இனப்பெருக்கத் துகள்களை, நுண்ணோக்கியில் பார்த்து, பத்துப் பன்னிரண்டு சிற்றினங்களின் பெயர்களைப் பட்டியலிட்டுக் கொண்டுவந்து, சரிபார்த்துத் தருமாறு கேட்கிறார்கள். அந்தப் பட்டியல்களில் பெரும்பாலானவை நிறத்தையும் அளவையும் மட்டும் நம்பி எழுதப்பட்டவை. வேர்ப் பூஞ்சைகளில் இவ்விரண்டும் எளிதில் ஏமாற்றிவிடும்.

மண்ணைத் தண்ணீரில் கரைத்துச் சல்லடைகளில் வடிக்கும் முறையைக் ஆய்வாளர்கள் கெர்டெமனும் நிக்கல்சனும் 1963இல் விவரித்தார்கள்; இன்றும் அதையே பின்பற்றுகிறோம். ஆனால் சல்லடையில் தங்கும் ஸ்போர் எத்தனை மாதம் மண்ணில் கிடந்தது என்பது நமக்குத் தெரியாது. நாள்பட்டது கருத்துப்போயிருக்கும், வேறு பூஞ்சைகள் அதைத் துளைத்திருக்கும், வெளியுறை உதிர்ந்திருக்கும். ஆகவே பழுதில்லாத ஸ்போர்களைப் பொறுக்கி, வேதிக் கலவை எதுவும் படுவதற்கு முன் தண்ணீரிலேயே வைத்து அவற்றின் நிறத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்ததாக, ஸ்போர் எதிலிருந்து முளைத்தது என்று தேட வேண்டும். என் அனுபவத்தில் இதைவிட உறுதியான தடயம் வேறில்லை. ஃபன்னெலிஃபார்மிஸ் மோசியே என்ற சிற்றினத்தில் ஸ்போரைத் தாங்கும் பூஞ்சையிழை புனல்போல விரிந்திருக்கும். ஜைகாஸ்போரா பேரினத்தில் அந்த இழையின் நுனி குமிழாக உப்பியிருக்கும். அகாலோஸ்போரா பேரினத்திலோ ஒரு சிறு பையின் கழுத்துப் பக்கவாட்டில் ஸ்போர் உருவாகி, முதிர்ந்தபின் அந்தப் பை சுருங்கி விழுந்துவிடும். வட்டமான ஒரு தழும்பு மட்டுமே மிஞ்சும்.

அந்தத் தழும்பைத்தான் பணியின் தொடக்க ஆண்டுகளில் நான் கவனிக்கத் தவறினேன். நிலக்கடலை வயல் மண்ணிலிருந்து எடுத்த, தேன்நிறத்தில் வழுவழுப்பாக இருந்த ஸ்போர்களில் இழை எதுவும் ஒட்டியிருக்கவில்லை. சலிக்கும்போது ஒடிந்திருக்கும் என்று நானாகவே முடிவுசெய்து எல்லாவற்றையும், இழை நுனியில் ஸ்போர் தாங்கும் குளோமஸ் பேரினம் என்று எழுதிவிட்டேன். மூத்த அலுவலர் ஒருவர் அவற்றில் சிலவற்றை அயோடின் கலந்த மெல்சர் கரைசலில் இட்டு, மூடுசில்லை ஊசியால் மெல்ல அழுத்தச் சொன்னார். ஸ்போர் வெடித்து, வெளிச்சுவரிலிருந்து உட்சுவர் தனியே பிரிந்து, சற்று நேரத்தில் கருஞ்சிவப்பு கலந்த ஊதாவாக மாறியது. குளோமஸில் அப்படிப்பட்ட உட்சுவரே கிடையாது. நான் பார்த்துக்கொண்டிருந்தது அகாலோஸ்போரா. அதற்குள் என் பட்டியல் ஒரு மாணவியின் ஆய்வேட்டில் ஏறிவிட்டிருந்ததால், அவர் ஓர் அத்தியாயத்தையே மாற்றி எழுத நேர்ந்தது.

வயல் ஸ்போர்களில் ஐயம் இருந்தால், கிருமி நீக்கிய மணலில் அந்த மண்ணைக் கலந்து, தொட்டியில் சோளம் விதைத்து, மூன்று நான்கு மாதம் வளர்த்துப் புதிய ஸ்போர்களைப் பெறுங்கள். காலம் பிடிக்கும் வேலைதான். ஆனால் ஒரே வயதுடைய நல்ல ஸ்போர்கள் ஐம்பதையாவது அளந்தால்தான் அளவு என்று சொல்வதற்கே பொருள் உண்டு. வயலில் அப்போது ஸ்போர் உண்டாக்காமல் வேருக்குள் மட்டும் இருந்த பூஞ்சையும் சில வேளை தொட்டியில் வெளிப்படும்.

இவ்வளவு செய்தாலும் ஸ்போர் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. இருவேறு பேரினங்களைச் சேர்ந்தவையாகக் கருதப்பட்ட அகாலோஸ்போரா கெர்டெமன்னியும் குளோமஸ் லெப்டோடைக்கமும் ஒரே பூஞ்சையின் இருவகை ஸ்போர்கள் என்பது 1997இல் வெளியானது. உலகெங்கும் ஆய்வகங்கள் குளோமஸ் இன்ட்ராரேடிசஸ் என்ற பெயரில் வளர்த்துவந்த டி.ஏ.ஓ.எம். 197198 என்னும் சேகரிப்பு எண் கொண்ட வகை உண்மையில் அந்தச் சிற்றினமே அல்ல என்பதை 2009இல் டி.என்.ஏ. ஒப்பீடு காட்டியது, இன்று அதை ரைசோஃபேகஸ் இர்ரெகுலாரிஸ் என்கிறோம். தேர்ந்த வல்லுநர்களுக்கே இந்த நிலை என்றால், ஒரு பிற்பகல் நேரப் பார்வையில் நாம் எழுதும் பெயருக்கு எவ்வளவு மதிப்பு இருக்கும் என்பதை மாணவர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும்.

அகாலோஸ்போரா பேரினம், சிற்றினம் உறுதியாகவில்லை என்று அறிக்கையில் எழுதுவதில் எந்தக் குறைவும் இல்லை. ஸ்போர்களை நுண்ணோக்கிக்கான நிலையான கண்ணாடிச் சில்லுகளாக்கி, ஓரங்களை நகப்பூச்சால் அடைத்து, மாதிரி எண்ணும் தேதியும் எழுதிப் பட்டியலோடு சேர்த்து அனுப்புங்கள். சில்லு இல்லாமல் வரும் பட்டியலில் நான் இப்போது கையெழுத்திடுவதில்லை.