பணம் கழிந்தது, சேரவில்லை: அந்தத் திரை என்ன சொல்ல வேண்டும்?

எல்லாம் ஒழுங்காக நடக்கும்போது பச்சை நிற டிக் காட்டுவது எந்தச் செயலிக்கும் கடினமன்று. பணம் செலுத்தும் செயலிகளுக்குத் திரை வடிவமைப்பவன் என்ற முறையில் நான் முதலில் பார்ப்பது, கணக்கிலிருந்து பணம் கழிந்தும் எதிரே நிற்கும் கடைக்காரருக்கு வந்து சேராத வேளையில் செயலி என்ன சொல்கிறது என்பதைத்தான்.

யுபிஐயில் நம் வங்கி, பெறுபவரின் வங்கி, இரண்டையும் இணைக்கும் தேசியக் கொடுப்பனவுக் கழகமான என்பிசிஐ, செயலியை நடத்தும் நிறுவனம் எனப் பல கைகள் உண்டு. நம் வங்கி பணத்தைக் கழித்த பிறகு பெறுபவரின் வங்கியிலிருந்து உரிய நேரத்துக்குள் பதில் வராவிட்டால், பணம் சேர்ந்ததா இல்லையா என்பது அந்த நொடியில் செயலிக்கே தெரியாது. ஆகவே வெற்றி, தோல்வி ஆகியவற்றோடு ‘நிலுவை’ என்ற மூன்றாவது நிலையும் உண்டு. வடிவமைப்புக் குழுக்கள் பெரும்பாலும் கடைசியில், அவசர அவசரமாக வரைந்து முடிப்பது இந்தத் திரையைத்தான். “ஏதோ தவறு நேர்ந்துவிட்டது, மீண்டும் முயலவும்” என்று எழுதிவிடுகிறார்கள். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருக்க, பதற்றத்தில் இருப்பவரும் மீண்டும் முயல்கிறார். பணம் இரண்டு முறை போகிறது.

நான் எழுதச் சொல்வது இப்படி இருக்கும்: “உங்கள் கணக்கிலிருந்து ₹840 கழிந்துள்ளது. கடைக்காரரின் வங்கி இன்னும் உறுதி செய்யவில்லை. சேராவிட்டால் 14-ஆம் தேதிக்குள் உங்கள் கணக்குக்கே திரும்பும். மீண்டும் செலுத்துமுன் கடைக்காரரிடம் கேளுங்கள்.” அதன் கீழே, தொட்டவுடன் நகலெடுக்கும்படி 12 இலக்கப் பரிவர்த்தனை எண் இருக்க வேண்டும். அந்தத் தேதி நாமாகக் கற்பனை செய்வதும் அன்று. ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கையின்படி, தனிநபருக்கு அனுப்பிச் சேராத பணம் மறுநாளுக்குள்ளும், வணிகருக்குச் செலுத்தி உறுதியாகாத பணம் 5 நாள்களுக்குள்ளும் திரும்ப வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ₹100 இழப்பீட்டை, வாடிக்கையாளர் புகார் செய்யாமலேயே வழங்க வேண்டும். இதைத் திரையில் எழுதினால் புகார்கள் பெருகும் என்று கூட்டங்களில் வாதிடுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தேதி தெரிந்தவர் அந்தத் தேதி வரை காத்திருப்பார், தெரியாதவர்தான் மணிக்கொரு முறை அழைப்பு மையத்தைக் கூப்பிடுவார். (தமிழைத் தேர்ந்தெடுத்தவருக்கும் பிழைச் செய்தி மட்டும் ஆங்கிலத்திலேயே வருவது தனிக் கொடுமை.)

செயலி பேச வேண்டிய இன்னொரு தருணம், ரகசிய எண்ணை (PIN) கேட்கும் திரைக்குச் சற்று முன்பு வருகிறது. பணம் பெற ரகசிய எண் தேவையில்லை என்பதை அறியாதவர்களிடம், “உங்களுக்குப் பணம் வரப்போகிறது, அழுத்துங்கள்” என்று சொல்லி, உண்மையில் பணம் கேட்கும் கோரிக்கையை அனுப்பி ஏமாற்றியவர்கள் பலர். தனிநபர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பும் இந்தக் கோரிக்கை வசதியை 2025 அக்டோபர் 1 முதல் என்பிசிஐ நிறுத்தியது. வசதி போனாலும் கடமை போகவில்லை: “இவருக்கு உங்கள் கணக்கிலிருந்து பணம் போகிறது” என்ற வரியையும், வங்கிப் பதிவில் உள்ளபடியே பெறுபவரின் பெயரையும், தொகைக்கு அருகில், பெரிய எழுத்தில் காட்ட வேண்டும். அவற்றைச் சாம்பல் நிறப் பொடியெழுத்தில் ஒதுக்கிவிட்டு, நடுவில் கேஷ்பேக் விளம்பரம் வைக்கும் செயலி யார் பக்கம் நிற்கிறது என்பது விளங்கிவிடும்.

கூடையில் கேளாத பொருளைச் சேர்ப்பது, கடைசிப் படியில் கட்டணத்தைக் கூட்டுவது போன்ற, திரை வடிவமைப்பாலேயே பயனரை ஏமாற்றும் 13 தந்திரங்களை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் பட்டியலிட்டுள்ளன. சட்டம் சொல்லும் முன்பே விட்டிருக்க வேண்டியவை.

அனுமதிகளைக் கேட்கும் நேரமும் முக்கியம். கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலையும் அழைப்புப் பதிவுகளையும் தொடக்கூடாது என ரிசர்வ் வங்கி 2022-இலேயே விதித்தது. கடன் வாங்கியவரின் உறவினர்களை அழைத்து அவமானப்படுத்திய கும்பல்களை நினைத்தால் காரணம் புரியும். மற்ற செயலிகளிலும் கேமரா அனுமதியை, க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யும் பொத்தானை அழுத்திய பிறகு கேட்டால், எதற்கென்று யாரும் விளக்க வேண்டியிருக்காது. தொடர்புப் பட்டியலைக் கேட்பதானால், மறுப்பவர் கைப்பேசி எண்ணைத் தாமே தட்டச்சு செய்யும் பெட்டியும் அதே திரையில் இருக்க வேண்டும்; அந்தப் பெட்டி இல்லாத திரை வரைவை நான் ஒப்புக்கொள்வதில்லை.