முட்டி ஆபரேஷன்ல தழும்பு சின்னதா இருந்தா போதுமா?

போன வாரம் பாலக்கோடு பக்கத்துல இருந்து ஒரு அம்மா வந்தாங்க, 65 வயசு, தக்காளி தோட்டத்துல குனிஞ்சு நிமிந்து முட்டி ஜவ்வு மொத்தமா தேஞ்சு போச்சு. கூட வந்த மகன், "சார், ஓட்டை போட்டே முட்டி மாத்துறாங்களாமே, எங்கம்மாவுக்கு அதுவே பண்ணிக்கலாமா"ன்னு கேட்டாரு. தர்மபுரில பிசியோதெரபி பாக்குற எனக்கு இந்தக் கேள்வி அடிக்கடி வருது.

ஓட்டை போட்டு கேமரா விட்டு பாக்குறது ஆர்த்ரோஸ்கோப்பி, அது வேற. முட்டி மாத்தணும்னா தொடை எலும்புக்கு உலோக மூடி, கீழ் எலும்புக்கு ஒரு தட்டு, நடுவுல பிளாஸ்டிக் எல்லாம் உள்ள போகணுமே, ஓட்டைல எப்படி போகும்? சின்ன வெட்டு முறைன்னா தோல்ல சுமார் 10-லருந்து 15 செ.மீ, பழைய முறைல 20-25 செ.மீ வரைக்கும் போகும். வைக்கிற மூட்டு ரெண்டுலயும் ஒண்ணுதான்.

ஆனா தோல விட உள்ள என்ன பண்றாங்கங்கறதுதான் முக்கியம். பழைய முறைல தொடையோட முன்பக்க தசைநாரை வெட்டி பிரிப்பாங்க. சின்ன வெட்டுல பண்ற சப்வாஸ்டஸ்ங்கற முறைல தசைய வெட்டாம அடியில தூக்கி ஒதுக்கிட்டு வேலை பாக்குறாங்க, அதனால காலைத் தூக்குற பலம் சீக்கிரம் வரலாம், முதல் சில வாரம் வலியும் கம்மியா இருக்கலாம். வருஷக்கணக்குல பாத்தா ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. ரொம்ப குண்டா இருக்கவங்க, கால் நல்லா வளைஞ்சு போனவங்க, அதே முட்டில முன்னாடியே ஆபரேஷன் ஆனவங்களுக்கு பெரும்பாலும் இந்த சின்ன வெட்டு முறை ஒத்து வராது, டாக்டர் வேணாம்னா வற்புறுத்தாதீங்க.

ஆபரேஷன் எப்படி பண்ணாலும் நான் பயப்படுறது தலகாணிக்குத்தான். வீட்டுக்கு போனதும் பாசத்துல முட்டிக்கு அடியில தலகாணி வெச்சிடுறாங்க, அவங்களுக்கும் சுகமா இருக்கு, அப்படியே விட்டா கால் மடங்குன வாக்குலயே இறுகி நேரா நீட்ட வராம போயிடுது, அப்புறம் அதை நீட்ட வெக்கறதுக்குள்ள அவங்களும் அழுது நாமளும் கலங்கிடுவோம். வெக்கணும்னா குதிகாலுக்கு அடியில துண்டை சுருட்டி வெச்சு, முட்டிய கீழ அமுக்க சொல்லுங்க, ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவ. வலிக்குதேன்னு படுத்தே கெடக்க விடாதீங்க, பெரும்பாலும் அன்னிக்கோ மறுநாளோ வாக்கர் புடிச்சு நடக்க வெச்சிடுவாங்க.

கெண்டைக்கால் திடீர்னு வீங்கி வலிச்சாலோ, மூச்சு வாங்குனாலோ ரத்தம் உறைஞ்சிருக்கலாம், எண்ணெய் தேச்சு நீவி விடாதீங்க, நடுராத்திரின்னாலும் வண்டி புடிச்சு ஆஸ்பத்திரிக்கு கெளம்பிடுங்க.