ஓடுபலகை அல்ல, மிதிபலகை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுப் பரணிலிருந்து ஒரு பழைய கல்யாணப் படம் கிடைத்தது. தாத்தா ஒரு காரின் பக்கவாட்டுப் பலகையில் வலது காலை ஊன்றி நிற்கிறார். உறவுக்காரர்களுக்கு அனுப்பினேன். ‘தாத்தா ஓடுபலகையில் கால் வைத்திருக்கிறார்’ என்று தம்பி மகன் எழுதினான். ஒரே மாதத்தில் மூன்றாவது முறை இந்தச் சொல்லைப் பார்க்கிறேன். மற்ற இரண்டும் அச்சில் வந்தவை. அதனால் அவன்மேல் கோபமில்லை.

முன் மட்கார்டு முடிகிற இடத்திலிருந்து பின் மட்கார்டு வரை, கதவுகளுக்குக் கீழே நீளும் பலகைதான் ஆங்கிலத்தில் ‘ரன்னிங் போர்டு’. அந்தப் பெயர் காருக்கு முந்தியது. படகோரத்தில் ஆட்கள் கழி ஊன்றி நடந்த பலகை, அமெரிக்கச் சரக்கு ரயிலின் கூரைமேல் பிரேக் போடுகிறவர்கள் நடந்த பலகை எல்லாமே ‘ரன்னிங் போர்டு’தான். பிறகு காருக்கு வந்தது.

‘ஓடுபலகை’ வினைத்தொகை. ஊறுகாயில் ஊறுவது காய். குடிநீரில் குடிப்பது நாம். ஓடுதளத்தில் ஓடுவது விமானம். ஓடுபலகை என்றால் ஒன்று பலகை ஓட வேண்டும், இல்லை அதன்மேல் யாராவது ஓட வேண்டும். காரில் இரண்டும் கிடையாது. பலகையை போல்ட் போட்டு முடுக்கியிருக்கிறார்கள். கார் ஓடும்போது அதுவும் ஓடுகிறதே என்றால், அப்படிப் பார்த்தால் காரில் உள்ள எல்லாமே ஓடும். ‘ஓடுதளம் சரி என்றால் இதுவும் சரிதானே’ என்று ஒருவர் கேட்டார். சரியில்லை. ரயில் கூரைக்கு அது பொருந்தலாம், கார் கதவுக்குக் கீழே பொருந்தாது. அப்புறம், ஓட்டு வீட்டில் வளர்ந்த எனக்கு ஓடுபலகை என்றால் கூரை ஓட்டைத் தாங்கும் பலகைதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

பக்கத்துப் புதுச்சேரியில் புழங்கிய பிரெஞ்சு இதை எவ்வளவு தெளிவாகச் சொல்கிறது பாருங்கள்: ‘மார்ஷ்பியே’. முதல் பாதி மிதிப்பது, அடுத்தது கால். தமிழில் மிதியடி, கால்மிதி, மிதிவண்டி எல்லாம் இருக்க, மிதிபலகை தானாகவே வந்து உட்காரும். ‘படி’ என்கிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை. பஸ்ஸில் ‘படியில் பயணம் நொடியில் மரணம்’ என்று படித்து வளர்ந்தவர்கள்தானே. ஆனால் படி என்றால் அடுத்த படியும் மனதில் வரும். இது ஒற்றை நீளப் பலகை.

மொழிபெயர்க்கிறவர்கள் பொருளைப் போய்ப் பார்ப்பதில்லை, அகராதியைப் பார்க்கிறார்கள். ஷாக் அப்சார்பர் ‘அதிர்ச்சி உறிஞ்சி’ ஆனதும் இப்படித்தான். வண்டிக்கு வருவது அதிர்வு, அதிர்ச்சி மனிதர்களுக்கு. தவறான தமிழைவிட மெக்கானிக் சொல்கிற ‘ஃபுட்போர்டு’ எவ்வளவோ மேல்.

படத்துக்கு வயது சொல்ல உதவுகிற உறுப்பு என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன். 1908 முதல் 1927 வரை வந்த ஃபோர்டு மாடல் டி காரில் மிதிபலகை உண்டு. பின்னால் காரின் உடம்பு அகன்று, பலகை இருந்த இடத்தையும் எடுத்துக்கொண்டது. 1948-இல் வந்த மோரிஸ் மைனரில் இல்லை, நம் அம்பாசிடரிலும் இல்லை. ஆனால் பலகை இல்லாததெல்லாம் சுதந்திரத்துக்குப் பிந்தைய கார் என்று புதுச்சேரிக் குடும்பப் படங்களில் முடிவு கட்டிவிடாதீர்கள். பிரெஞ்சு நிறுவனமான சித்ரோயனின் ‘த்ராக்ஸியோன் அவான்’ கார் 1934-லேயே மிதிபலகை இல்லாமல் வந்தது. முகப்பில் கூரை போல ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கோணங்கள் இருந்தால் அது சித்ரோயன். மாறாக, ஃபோக்ஸ்வாகன் பீட்டில் 2003 வரை பலகையை விடவில்லை.

தாத்தா படத்தில் மிதிபலகை இருக்கிறது, ஹெட்லைட்டுகள் மட்கார்டில் பதியாமல் தனியாக நிற்கின்றன. 1930-களின் கார் என்று நினைக்கிறேன். ரேடியேட்டர் முகப்பில் உள்ள சின்னம் பூமாலையில் மறைந்துவிட்டது. அதே கல்யாணத்தில் எடுத்த வேறு படம் பெரியப்பா வீட்டில் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறேன்.