பழைய தொட்டியில் புது மீன் ஏன் சாகிறது?

மீன் வளர்ப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "பழைய மீன்கள் ஆண்டுக்கணக்கில் நன்றாக இருக்கின்றன. புதிதாக விடுபவை மட்டும் இரண்டு மூன்று நாளில் செத்துவிடுகின்றன. கடையில் நோயுள்ள மீனைத் தந்துவிட்டார்களா?" அப்படியும் நடக்கலாம்தான். ஆனாலும் தொட்டித் தண்ணீரைச் சோதித்த பிறகே அந்தப் பேச்சுக்கு வருவேன். பெரும்பாலும் பி.எச். (தண்ணீரின் அமிலத்தன்மையைக் காட்டும் எண்; 7-க்குக் கீழே போகப் போக அமிலம் அதிகம்) 6-க்குக் கீழே இறங்கியிருக்கும். நைட்ரேட் அளவு சோதனை அட்டையின் கடைசி நிறத்தைத் தொட்டிருக்கும்.

மீன் வெளியேற்றும் அமோனியாவை வடிகட்டியில் வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்த மாற்றத்தில் அமிலம் உண்டாகிறது. தண்ணீரில் உள்ள பைகார்பனேட் அந்த அமிலத்தை ஈடுகட்டி ஈடுகட்டித் தானே தீர்ந்துபோகிறது. பல மாதங்கள் தண்ணீர் மாற்றாமல், ஆவியாகிக் குறைந்த அளவுக்கு மட்டும் ஊற்றி நிரப்பி வந்தால் பி.எச். சரிந்துகொண்டே போகும். ஒரு கட்டத்தில் பாக்டீரியாக்களும் மந்தமாகிவிடும். அமோனியா சேரத் தொடங்கும். பார்வைக்குத் தண்ணீர் கண்ணாடிபோல் தெளிவாகவே இருக்கும்.

இதில் பழைய மீன்கள் எப்படி உயிரோடு இருக்கின்றன? செவுளைப் புரிந்துகொண்டால் விடை கிடைக்கும்.

நன்னீர் மீனின் இரத்தத்தில் உப்பு அதிகம், சுற்றியுள்ள தண்ணீரில் மிகக் குறைவு. அதனால் தண்ணீர் செவுள் வழியாக ஓயாமல் உடலுக்குள் புகுகிறது. உப்பு வெளியே கசிகிறது. நன்னீர் மீன் தண்ணீர் குடிப்பது மிகவும் அரிது. புகுந்த நீரைச் சிறுநீரகம் மிக நீர்த்த சிறுநீராக வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. இழந்த சோடியம், குளோரைடு, கால்சியம் ஆகியவற்றைத் தண்ணீரிலிருந்து மீட்டெடுக்கச் செவுளில் தனி வகைச் செல்கள் இருக்கின்றன. தூங்கும்போதும் இந்த வேலை நிற்காது, இதற்குச் சக்தியும் செலவாகிறது. தண்ணீரின் தன்மை மாறும்போது அந்தச் செல்களின் எண்ணிக்கையும் செயல்பாடும் மாற வேண்டும். அதற்கு நாட்கள் பிடிக்கும், சில நேரம் வாரங்கள்கூட. பழைய மீனுக்கு அந்த அவகாசம் கிடைத்தது. புது மீனுக்கு, பையோடு தொட்டியில் மிதக்கவிட்டு நீங்கள் கொடுத்தது அரை மணி நேரம்.

இனத்துக்கு இனம் தாங்கும் எல்லை வேறு. அமேசான் காட்டு ஓடைகளின் மென்மையான, அமில நீரில் தோன்றிய நியான் டெட்ராவின் செவுள் பி.எச். 4 அளவிலும் சோடியத்தை உறிஞ்சக்கூடியது. பி.எச். 9-ஐ ஒட்டி நிற்கும் டாங்கனிக்கா ஏரியின் சிக்லிட் மீனுக்கு அந்த அமிலத் தண்ணீர் எமன். ஆனாலும், இணையத்தில் ஓர் எண்ணைப் படித்துவிட்டு மருந்து ஊற்றி பி.எச்.-ஐ இழுத்துப் பிடிப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. பைகார்பனேட் மிகுந்த தண்ணீரில் அமிலம் சேர்த்தால் பி.எச். இறங்கி, மறுபடி ஏறும். அந்த ஏற்ற இறக்கம், சற்றே பொருந்தாத நிலையான தண்ணீரைவிடக் கெடுதல். உங்கள் குழாய்த் தண்ணீருக்கு ஒத்துவரும் மீனைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

மீனை வாங்கிவரும் பை விஷயத்துக்கு வருகிறேன். கடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவரும் குறுகிய பயணம் என்றால் பையைக் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைச் சிறிது சிறிதாகச் சேர்ப்பது சரி. பல மணி நேரம் மூடிக் கிடந்து பயணித்த பையின் நிலைமை வேறு. மீன் விட்ட மூச்சின் கார்பன் டை ஆக்சைடு பி.எச்.-ஐக் குறைத்திருக்கும், அதனால் சேர்ந்த அமோனியா பெரும்பாலும் நச்சு குறைந்த அம்மோனியம் வடிவில் இருக்கும். பையைத் திறந்ததும் அந்த வாயு வெளியேறி, பி.எச். உயரும். ஒரு புள்ளி உயர்ந்தால் நச்சு அமோனியா ஏறக்குறைய பத்து மடங்காகும். அந்த நீரிலேயே மீனை வைத்து மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாகப் பழக்குவது செவுளைப் பொசுக்கும். வெப்பநிலையும் கடினத்தன்மையும் ஒத்த தண்ணீரைத் தனித்தொட்டியில் தயாராக வைத்து, வலையால் மீனை மட்டும் மாற்றுங்கள். பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகவே கூடாது.

இதே வேதியியல்தான் பழைய தொட்டியை ஒரே நாளில் சுத்தம் செய்பவர்களையும் தாக்குகிறது. பாதித் தண்ணீரை மாற்றியதும் பி.எச். தாவும், தேங்கிக் கிடந்த அம்மோனியம் அமோனியாவாகும், ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த மீன்கள் அன்றிரவே மேல்மட்டத்தில் வாய் பிளந்து நிற்கும். முதலில் தீவனத்தைக் குறையுங்கள். குளோரின் நீக்கிய தண்ணீரால் நாளுக்குப் பத்து சதவீதம் மட்டும், வாரக்கணக்கில் மாற்றுங்கள். ஒவ்வொரு முறையும் அமோனியாவைச் சோதியுங்கள்.

குழாய்த் தண்ணீரை ஒரு வாளியில் காற்றுக்குழாய் போட்டு ஒரு நாள் வைத்த பிறகு அதன் பி.எச்.-ஐ அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிடித்தவுடன் அளந்தால் கரைந்திருக்கும் வாயு கணக்கை மாற்றிவிடும். தொட்டியின் பி.எச். அந்த எண்ணுக்கு அருகில் வந்து, அமோனியாவும் நைட்ரைட்டும் ஒரு வாரம் பூஜ்யத்தில் நின்ற பிறகு புது மீன் வாங்கலாம்.