ஊன்றிய காலில் திருந்தும் பிழை

கையில் கட்டிய பட்டையே நாம் நடக்கும் அடிகளை எண்ணிவிடும்போது, நடை ஆய்வகங்களில் மட்டும் சுவரைச் சுற்றிலும் கேமராக்களைப் பொருத்தி, உடம்பெங்கும் சிறு உருண்டைகளை ஒட்டி ஏன் இத்தனை பாடுபடுகிறார்கள் என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அடிகளை எண்ணுவது எளிது. ஒவ்வோர் அடிக்கும் முடுக்கம் ஒருமுறை ஏறி இறங்குவதைப் பட்டை கண்டுகொண்டால் போதும். ஆனால், மூளை முடக்குவாதத்தால் குதிகால் தரையில் படாமல் நடக்கும் ஒரு குழந்தைக்கு எந்தத் தசையை நீட்டி அறுவை செய்வது என்று தீர்மானிக்க வேண்டிய மருத்துவருக்கு, நடையின் எந்தக் கட்டத்தில் முழங்கால் எத்தனை பாகை மடங்குகிறது என்பது தெரிந்தாக வேண்டும்.

1891இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் உடற்கூறியலாளர் வில்ஹெல்ம் பிரவுனேயும் கணிதவியலாளர் ஓட்டோ ஃபிஷரும் இதைத்தான் அளக்க முயன்றார்கள். ஒரு படைவீரரின் கை கால்களில் ஒளிரும் வாயுக்குழாய்களைக் கட்டி, இரவில் நடக்கவிட்டு, பல கேமராக்களால் படமெடுத்தார்கள். குழாய்களைக் கட்டி முடிக்கவே பல மணி நேரம் ஆனது. இன்றும் வடிவியல் அதுவேதான். குழாய்க்குப் பதிலாக மார்க்கர் எனப்படும் உருண்டை வந்திருக்கிறது. சாலைப் பலகைகளில் இருப்பதைப் போன்ற, நுண்ணிய கண்ணாடி மணிகள் பதித்த பட்டையை அதன்மேல் போர்த்தியிருப்பார்கள். கேமராவின் வில்லையைச் சுற்றியுள்ள விளக்குகள் அனுப்பும் அகச்சிவப்பு ஒளியை அது வந்த வழியே திருப்பி அனுப்புவதால், படத்தில் உருண்டை மட்டும் பளிச்சென்று தெரிகிறது. அந்த வெளிச்சப் பொட்டு பல பிக்சல்களில் பரவியிருப்பதால், அவற்றின் ஒளி அளவைக் கொண்டு சராசரி கண்டு, மையத்தை ஒரு பிக்சலின் சிறு பின்னம் வரை குறிக்க முடியும். இரண்டு கேமராக்களிலிருந்து நீளும் கோடுகள் சந்திக்கும் புள்ளியே மார்க்கரின் இடம். உடம்பு அவ்வப்போது மறைத்துவிடும் என்பதால்தான் கேமராக்கள் கூடுகின்றன.

நன்கு அளவுத்திருத்தம் செய்த அறையில் இதன் பிழை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆனால் மார்க்கர் ஒட்டியிருப்பது தோலில். நடக்கும்போது தொடைத் தோல் எலும்பின்மேல் சென்டிமீட்டர் கணக்கில் நழுவுகிறது. இடுப்பெலும்பின் முன்முனையையும் முழங்காலின் பக்கப் புடைப்பையும் கட்டைவிரலால் அழுத்தித் தேடி ஒட்டுபவரின் கைத்திறனே அளவின் தரத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது. கேமராக்களுக்குத் தாராளமாக நிதி ஒதுக்கிவிட்டு, அந்தக் கைக்குரியவரை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பந்தத்தில் வைத்திருக்கும் வழக்கம் எனக்குச் சற்றும் உடன்பாடில்லை.

உடலில் அணியும் சென்சாருக்கு அறையும் வேண்டாம், கேமராவும் வேண்டாம். அதற்குள், நுண்ணிய சிலிக்கான் கீற்றுகளில் தொங்கும் ஒரு துணுக்கின் விலகலைக் கொண்டு முடுக்கத்தையும், அதிரும் மற்றொரு துணுக்கைச் சென்சார் சுழலும்போது பக்கவாட்டில் தள்ளும் கோரியாலிஸ் விசையைக் கொண்டு சுழற்சி வேகத்தையும் அளக்கிறார்கள். முடுக்கத்தை ஒருமுறை தொகையிட்டால் திசைவேகம், மறுமுறை தொகையிட்டால் இடப்பெயர்ச்சி என்பது பள்ளிப் பாடம். சிக்கல் என்னவென்றால், மேசைமேல் சும்மா கிடக்கும் முடுக்கமானியும் 9.8 மீ/நொ² என்றே காட்டும். ஈர்ப்பின் பங்கைக் கழித்தால்தான் உண்மையான அசைவு மிஞ்சும். கழிப்பதற்குச் சென்சார் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தெரிய வேண்டும். அந்தச் சாய்வில் ஒரே ஒரு பாகை பிழையானாலும், ஈர்ப்பில் 0.17 மீ/நொ² கிடைமட்ட முடுக்கமாக வேடமிட்டு உள்ளே நுழைந்துவிடுகிறது. 10 நொடிகளில், அசையாமல் நின்ற மனிதர் எட்டரை மீட்டர் தள்ளிப் போய்விட்டதாகக் கணக்கு சொல்லும். சுழற்சிமானி அசையாதபோதும் சுழியிலிருந்து சற்று விலகிக் காட்டும் நிலைப்பிழையால் சாய்வின் பிழையே நேரம் ஆக ஆக வளர்வதால், இடத்தின் பிழை காலத்தின் முப்படியாகப் பெருகும்.

இந்த இடத்தில்தான் நடை என்னும் செயலே நமக்குக் கைகொடுக்கிறது. சென்சாரை இடுப்பிலோ மணிக்கட்டிலோ கட்டாமல் காலணியில் பொருத்துவோம். உடம்பு இடைவிடாமல் முன்னே நகர்ந்துகொண்டிருந்தாலும், ஊன்றிய பாதம் ஒவ்வோர் அடியிலும் ஒரு நொடியின் சிறு பகுதி நேரம் தரையில் முழுமையாகப் படிந்து நிற்கிறது. அந்த வேளையில் சுழற்சிமானி ஏறத்தாழ சுழியைக் காட்டும். முடுக்கமானி ஈர்ப்பை மட்டும் காட்டும். இரண்டும் ஒருசேர நிகழ்வதைக் கண்டவுடன், பாதம் நிற்கிறது, அதன் திசைவேகம் சுழி என்று மென்பொருள் முடிவு செய்கிறது. தொகையிட்டு வந்த கணக்கோ நொடிக்கு 20 சென்டிமீட்டர் வேகம் இருப்பதாகச் சொல்லலாம். அப்படியானால் அந்த 20 சென்டிமீட்டர் முழுவதும் பிழை, அதைச் சுழியாக்கிவிடலாம்.

இதோடு முடிந்திருந்தால் இது ஒரு நல்ல தந்திரம், அவ்வளவே. என்னை வியக்கவைப்பது அடுத்த படி. அந்தப் பிழை காரணமில்லாமல் பிறக்கவில்லை. சாய்வில் இருந்த பிழைதான் ஈர்ப்பைக் கசியவிட்டு, அந்த ஓர் அடியின் காலத்தில் வேகப் பிழையாகத் திரண்டது. ஆகவே வேகம் எந்தத் திசையில், எவ்வளவு பிழைத்திருக்கிறது என்று பார்த்தால், சாய்வு எந்தப் பக்கம், எவ்வளவு பிழைத்திருக்கும் என்று பின்னோக்கி ஊகிக்கலாம். இடப்பெயர்ச்சியில் சேர்ந்த பிழையையும் அவ்வாறே பெருமளவு திரும்பப் பெறலாம். எந்தப் பிழை எதனோடு எவ்வளவு பிணைந்திருக்கிறது என்ற இந்தக் கணக்கை, ருடால்ஃப் கால்மன் 1960இல் வெளியிட்ட வடிகட்டி முறை ஒவ்வொரு கணமும் எழுதிவைத்துக்கொண்டே வருகிறது. நேரடியாக அறிந்தது திசைவேகம் ஒன்றை மட்டும், திருந்துவதோ மூன்றும். காலத்தின் முப்படியாக ஓடிய பிழை, இப்போது நடந்த தூரத்துக்கு ஏற்ப மட்டுமே மெல்ல வளர்கிறது.

ஸ்டாக்ஹோமின் கேடிஹெச் பல்கலைக்கழகமும் பெங்களூரின் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து உருவாக்கிய ஓபன்ஷூ என்ற காலணிச் சென்சார் இந்த முறையில் இயங்குவதுதான். அதன் வடிவமைப்பை எவரும் எடுத்தாளும்படி வெளியிட்டார்கள். இதற்கு வேண்டிய அடிப்படைச் சென்சார் சில்லு இன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கேமரா அறைக்கு நிதி கேட்டுக் காத்திருக்கும் நம் கல்லூரிகள், காத்திருக்கும் வேளையில் இதைச் செய்து பார்ப்பதற்கு என்ன தடை என்று எனக்கு விளங்கவில்லை.

இந்த முறைக்கும் எட்டாத ஒன்று உண்டு. செங்குத்து அச்சைச் சுற்றிச் சென்சாரின் திசைக் கணக்கு பிறழ்ந்தால், ஈர்ப்பின் பங்கில் எந்த மாற்றமும் வராது. ஆகவே ஊன்றிய பாதத்தின் சுழி வேகம் அந்தப் பிழையைப் பற்றி எதுவுமே சொல்வதில்லை. பூமியின் காந்தப்புலத்தைக் கொண்டு திசை காட்டும் காந்தமானியைத் துணைக்கு அழைக்கலாம் என்றால், கட்டடத் தளத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பிகள் அதைக் குழப்பிவிடுகின்றன. நேரான நடைகூடத்தில் நடந்தவரின் பாதையைக் கணினி வரைந்து காட்டும்போது, நீளம் ஏறக்குறைய சரியாகவே இருக்கும். கோடு மட்டும் ஒரு பக்கமாக மெல்ல வளைந்திருக்கும்.