கடைசி இலக்கத்தின் வேலை

கிரெடிட் கார்டில் பெரும்பாலும் 16 இலக்கங்கள் இருக்கும். அவற்றில் 15தான் வங்கியையும் உங்கள் கணக்கையும் பற்றியவை. 16ஆவது இலக்கம் புதிதாக எதையும் சொல்வதில்லை. மற்ற 15 பேரையும் கண்காணிப்பது மட்டுமே அதன் வேலை. இணையத்தில் பணம் கட்டும்போது ஒரு இலக்கத்தை மாற்றி அடித்துவிட்டால் உடனே 'எண் தவறு' என்று வருகிறதே, அதற்காக யாரும் வங்கியைப் போய்க் கேட்பதில்லை. எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு உங்கள் போனே கணக்குப் போட்டுப் பார்த்துவிடும்.

இந்தக் கணக்கை உருவாக்கியவர் ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன். 1954இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1960இல் கிடைத்தது. தாளும் பேனாவும் இருந்தால் நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

5826417 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். வலக்கோடியிலிருந்து ஒன்றுவிட்டு ஒன்றாக, அதாவது 2ஆவது, 4ஆவது, 6ஆவது இடங்களில் இருப்பவற்றை இரட்டிக்க வேண்டும். அங்கே இருப்பவை 1, 6, 8. இரட்டித்தால் 2, 12, 16. விடை 9ஐத் தாண்டினால் அதிலிருந்து 9ஐக் கழித்துவிட வேண்டும். ஆக 2, 3, 7. இவற்றின் கூட்டுத்தொகை 12. இரட்டிக்காமல் விட்ட 7, 4, 2, 5 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 18. மொத்தம் 30. பத்தால் மீதியின்றி வகுபடுகிறது, எனவே எண் சரி. கடைசியில் உள்ள 7, மொத்தத்தை 30க்குக் கொண்டுவருவதற்காகவே ஒட்டப்பட்டது.

இதில் இரட்டிப்பு எதற்கு? எல்லா இலக்கங்களையும் வெறுமனே கூட்டினாலே ஒரு இலக்கம் மாறியதைக் கண்டுபிடித்துவிடலாமே! கண்டுபிடிக்கலாம்தான். ஆனால் மனிதர்கள் செய்யும் தவறு அது ஒன்று மட்டுமல்ல. 82 என்று அடிக்க வேண்டிய இடத்தில் 28 என்று அடிப்பதும் அடிக்கடி நடக்கும். வெறும் கூட்டலுக்கு 8+2, 2+8 இரண்டும் ஒன்றுதான். ஓர் இடத்தை இரட்டித்து, பக்கத்து இடத்தை அப்படியே விட்டால், இடம் மாறியது தெரிந்துவிடும். மேலே உள்ள எண்ணை 5286417 என்று மாற்றிப் போட்டுப் பாருங்கள், கூட்டுத்தொகை 33 வரும்.

அந்த 9ஐக் கழிக்கும் வேலைதான் என்னைப் பொறுத்தவரை இதில் உள்ள நிஜமான சாமர்த்தியம். கழிக்காமல் விட்டால் என்ன ஆகும்? 8ஐ இரட்டித்தால் 16. அதற்குப் பதில் தவறுதலாக 3ஐ அடித்தால், இரட்டித்து 6. பத்தால் வகுக்கும்போது 16க்கும் 6க்கும் மீதி ஒன்றே. 8க்குப் பதில் 3 வந்தது யாருக்கும் தெரியாமல் நழுவிப் போயிருக்கும். 9ஐக் கழித்தால் 0 முதல் 9 வரையிலான இலக்கங்கள் முறையே 0, 2, 4, 6, 8, 1, 3, 5, 7, 9 ஆகின்றன. எந்த இரண்டும் ஒன்றாகவில்லை. அதனால் ஓர் இலக்கம் மட்டும் மாறினால், எந்த இலக்கம் எப்படி மாறினாலும் அகப்பட்டுக்கொள்ளும்.

இவ்வளவு செய்தும் ஓர் ஓட்டை மிச்சம் இருக்கிறது. மேலே உள்ள வரிசையின் இரு முனைகளையும் பாருங்கள். 0 இரட்டித்தாலும் 0, 9 இரட்டித்தாலும் 9. ஆகவே 09 என்பதை 90 என்று அடித்தால் கூட்டுத்தொகை இம்மிகூட மாறாது. பக்கத்து இலக்கங்கள் இடம் மாறும் தவறுகளில் லூன் முறை இதை மட்டும் கோட்டை விடும்.

இதை அடைக்க ஒரு வழி, 10ஐ விட்டுவிட்டு 11ஆல் வகுப்பது. புத்தகங்களின் பழைய 10 இலக்க ஐஎஸ்பிஎன் எண் அப்படித்தான் இயங்கியது. முதல் இலக்கத்தை 10ஆல், அடுத்ததை 9ஆல் என்று இறங்குவரிசையில் பெருக்கிக் கூட்டினால் 11ஆல் வகுபட வேண்டும். 11 பகா எண் என்பதுதான் இங்கே விஷயம். இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் கூட்டுத்தொகையில் வரும் வித்தியாசம், இலக்கங்களின் வித்தியாசத்தையும் இடங்களின் வித்தியாசத்தையும் பெருக்கிய தொகை. இரண்டுமே 11க்குக் குறைவானவை. அப்படிப்பட்ட இரண்டு எண்களைப் பெருக்கி 11இன் மடங்கை ஒருபோதும் பெற முடியாது. எனவே பக்கத்து இலக்கங்கள் மட்டுமல்ல, எந்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும் பிடிபடும்.

விலை என்னவென்றால், 11ஆல் வகுத்தால் மீதியாக 10 வரவும் வாய்ப்புண்டு. அதை ஒற்றை இலக்கத்தில் எழுத முடியாதே! அதனால்தான் சில பழைய புத்தகங்களின் ஐஎஸ்பிஎன் எக்ஸ் என்ற எழுத்தில் முடியும். ரோமானியர்களின் 10 அது. 2007 முதல், கடைகளின் பார்கோடு முறையோடு ஒத்துப்போகும் 13 இலக்க எண் வந்துவிட்டது. அதில் மீண்டும் 10ஆல்தான் வகுக்கிறார்கள், இலக்கங்களை மாறி மாறி 1ஆலும் 3ஆலும் பெருக்குகிறார்கள். 16 என்பதை 61 என்று அடித்தால் இந்த முறைக்குத் தெரியாது. முதலாவதில் 1+18=19, இரண்டாவதில் 6+3=9, வித்தியாசம் சரியாக 10. கணிதப்படி பார்த்தால் இது ஒரு படி இறக்கம்தான். வசதிக்காக விட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

எழுத்தும் கூடாது, ஓட்டையும் கூடாது என்றால்? மீதிகளை வைத்துக் கூட்டும் வழக்கமான முறையில், 10ஐக் கொண்டு அது நடக்கவே நடக்காது என்பது நிரூபிக்கப்பட்ட உண்மை. 1969இல் டச்சுக் கணிதவியலாளர் யாகோபுஸ் வெர்ஹூஃப் கூட்டலையே மாற்றினார். ஓர் ஒழுங்கு ஐங்கோணத்தை அட்டையில் வெட்டி எடுங்கள். அது இருந்த இடத்திலேயே மறுபடி கச்சிதமாகப் பொருந்தும்படி 5 விதமாகச் சுழற்றலாம், 5 விதமாகப் புரட்டலாம். ஆக மொத்தம் 10 அசைவுகள். 0 முதல் 9 வரை ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஓர் அசைவு. இலக்கங்களைக் கூட்டுவதற்குப் பதில் அசைவுகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய வேண்டியதுதான்.

எண்களில் 8+2 எழுதினாலும் 2+8 எழுதினாலும் ஒன்றே. ஆனால் ஐங்கோணத்தைச் சுழற்றிவிட்டுப் புரட்டுவதும், புரட்டிவிட்டுச் சுழற்றுவதும் பொதுவாக ஒன்றல்ல. மூலைகளுக்கு எண்ணிட்டு முயன்றால் கண்ணால் பார்க்கலாம். வரிசை மாறினால் விடை மாறும் என்ற இந்தக் குணம்தான் வெர்ஹூஃபுக்குத் தேவைப்பட்டது. இரண்டு சுழற்றல்கள் அடுத்தடுத்து வந்தால் வரிசை முக்கியமில்லாமல் போய்விடும் என்பதால், ஒவ்வோர் இடத்துக்கும் இலக்கங்களை வெவ்வேறு விதமாகக் கலைத்தும் வைத்தார். ஒற்றை இலக்கத் தவறுகள், பக்கத்து இலக்கங்கள் இடம் மாறும் தவறுகள் இரண்டையும் இது ஒன்றுவிடாமல் பிடிக்கும். ஆதார் எண்ணின் 12ஆவது இலக்கம் இந்த முறையில் வந்ததுதான். சமச்சீர்மையை ஆராயும் குலக் கோட்பாடு கல்லூரிப் பாடத்தோடு முடிந்துவிடும் என்று நினைத்தவர்கள் தங்கள் பர்ஸைத் திறந்து பார்க்கலாம்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இவை எதுவும் பாதுகாப்பு ஏற்பாடு அல்ல. கண்ணை மூடிக்கொண்டு எதையாவது அடித்தாலும் பத்தில் ஒன்று தேறிவிடும். கைதவறலைப் பிடிக்கத்தான் இந்த இலக்கம், கள்ளனைப் பிடிக்க அல்ல.

தவறு நடந்திருக்கிறது என்று தெரிந்தால் போதுமா? மனிதரிடம் 'மறுபடி அடியுங்கள்' என்று சொல்லலாம். இயந்திரத்திடம் முடியாது. பெல் ஆய்வகத்தில் இருந்த ரிச்சர்ட் ஹாமிங் 1940களில் வார இறுதிகளில் கணினியிடம் வேலையைக் கொடுத்துவிட்டுப் போவார். எங்காவது பிழை தட்டினால் கணினி அந்த வேலையை அப்படியே கைவிட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். பிழை இருப்பதைக் கண்டுபிடிக்கத் தெரிந்த இயந்திரத்துக்கு அதைத் திருத்தத் தெரியாதா என்ற எரிச்சலில் பிறந்தவைதான் 1950இல் அவர் வெளியிட்ட பிழைதிருத்தும் குறியீடுகள்.

1960இல் இர்விங் ரீட், குஸ்டாவ் சாலமன் இருவரும் இன்னும் வலுவான ஒரு முறையைக் கொடுத்தார்கள். நீங்கள் இன்று ஸ்கேன் செய்யும் க்யூஆர் கோடு அதில்தான் இயங்குகிறது. அடிப்படை யோசனை பள்ளிக்கூட வரைபடத் தாள்தான். 3, 2 என்ற இரண்டு எண்களை ஒருவருக்கு அனுப்ப வேண்டும். அவற்றை அப்படியே அனுப்பாமல், 3இல் தொடங்கி ஒவ்வோர் அடிக்கும் 2 ஏறும் நேர்கோடாக வரையுங்கள். அந்தக் கோட்டில் 4 புள்ளிகளின் உயரங்கள் 5, 7, 9, 11. இவற்றை அனுப்புங்கள். வழியில் ஒன்று கெட்டு 5, 7, 4, 11 என்று போய்ச் சேருகிறது என்று வைத்துக்கொள்வோம். பெறுபவர் தாளில் குறித்துப் பார்க்கிறார். முதலாவது, இரண்டாவது, நான்காவது புள்ளிகள் ஒரே கோட்டில் நிற்கின்றன. வேறு எந்த மூன்றும் அப்படி நிற்பதில்லை. மூன்றாவதுதான் கெட்டது என்பதும், அது 9 ஆக இருந்திருக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். மீண்டும் அனுப்பச் சொல்லத் தேவையே இல்லை.

நிஜத்தில் நேர்கோட்டுக்குப் பதில் உயர்படிப் பல்லுறுப்புக்கோவைகள், சாதாரண எண்களுக்குப் பதில் 256 உறுப்புகள் மட்டுமே கொண்ட முடிவுறு களம், அதாவது கூட்டினாலும் கழித்தாலும் பெருக்கினாலும் வகுத்தாலும் விடை அந்த 256க்குள்ளேயே அடங்கும் எண் அமைப்பு. அத்தகைய களங்களை ஆராய்ந்தவர் எவரிஸ்ட் கால்வா, 20 வயதில் 1832இல் துப்பாக்கிச் சண்டையில் இறந்துபோன பிரெஞ்சு இளைஞர்.

1994இல் டென்சோ வேவ் நிறுவனம் உருவாக்கிய க்யூஆர் கோடில் 4 நிலைகள் உண்டு. எந்த நிலையைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைப் பொறுத்து ஏறத்தாழ 7, 15, 25, 30 சதவீதம் வரை சேதமான தகவலை மீட்டெடுக்கலாம். நடுவில் நிறுவனச் சின்னம் பதித்த க்யூஆர் கோடுகளைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சின்னம் ஸ்கேனருக்கு ஒரு கறை, அவ்வளவுதான். மூடப்பட்ட கட்டங்களைத் தவறாகப் படித்து, பிறகு கணக்குப் போட்டுத் திருத்திக்கொள்கிறது. சின்னத்தை ஏன் மூலையில் வைப்பதில்லை என்றால், மூன்று மூலைகளிலும் உள்ள பெரிய சதுரங்கள் க்யூஆர் கோடு எங்கே, எந்தப் பக்கம் திரும்பி இருக்கிறது என்று கேமராவுக்குக் காட்டுபவை. அவற்றுக்கு இந்தத் திருத்தக் கணக்கின் துணை கிடையாது. அவை மறைந்தால் தகவல் முழுதாக இருந்தும் ஸ்கேனருக்கு அது க்யூஆர் கோடு என்றே பிடிபடாமல் போகலாம்.